பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு, அதற்குப் பின் ஒரு வால்

மூடியைக் கீழே இழுத்தால் 'சர்ரக்' என்று ஒரு சத்தம் வரும். புதுப் பலப்பம் சிலேட்டில் முதல் கோட்டைக் கிழிக்கும்போது பல்லில் லேசாகக் கூசுமே, அப்படி ஒரு சத்தம். அது கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது அம்மாவிடம், "கன்னியம்மா, டிவி போட்டுட்டியா?" என்று குரல் கொடுப்பார்கள். மர்பி டவுனில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த சுவர்கள் பார்வையைத்தான் மறைத்தன, காதை அல்ல. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. இருந்தது ஒரு கால்குலேட்டர். உள்ளங்கைக்கு அடங்காத அகலம், கறுப்பு நிறம், ஐம்பது பொத்தான்கள், தலைமாட்டில் சாம்பல் கலந்த பச்சையில் ஒரு திரை. மலைபோல் ஏறிப் பள்ளமாய் இறங்கும் வளைகோடுகளையெல்லாம் வரையத் தெரிந்த அந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் கூட்டினோம், கழித்தோம், மூன்றால் வகுத்தோம், அவ்வளவுதான். ஒரே ஒரு கோடுகூட அதில் நாங்கள் வரைந்ததில்லை. "ஏரோப்ளேன் வாங்கி அல்சூர் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போற மாதிரி இருக்குது" என்பார் அப்பா. பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். வாகனங்களை வைத்துத்தான் அவருக்குக் கேலி வரும்.

அதைக் கொண்டுவந்தவள் சித்தி. வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள். அவர்கள் ஊர் திரும்பும்போது எடுத்துப்போக மனமில்லாத சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். நம்மூர்க் கரண்டில் ஓடாத மிக்ஸி, ஒற்றைக் கையுறை, பனிக்குப் போடுகிற ஒரு சட்டை, அடியில் இது. அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்ததாம். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் புத்தகம் பெட்டியில் இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, தொண்ணூறுகளின் பின்பாதி. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை அழுத்திப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான்கு சின்ன செல் தீர்ந்துபோகும் என்று அம்மா முதலில் திட்டினாள். பிறகு திட்டுவதை நிறுத்தினாள், ஏனென்றால் அந்த இயந்திரம் திடீரென்று அவளுக்கே வேண்டியதாகிவிட்டது.

அம்மா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் இருந்தாள். சுண்டுவிரல் நீளத்தில், கண்ணாடிபோல் வழவழக்கும் இரும்பு 'பின்'கள். அவற்றை எண்ணெயில் முக்கி, மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்க வேண்டும். பதினோரு பெண்கள். காலை ஆறரைக்கு அல்சூர் முனையில் கம்பெனி வேன் நிற்கும். எங்கள் தெருவிலிருந்து அம்மாவும் நான்கு வீடு தள்ளியிருந்த ஸ்டெல்லா அக்காவும் அதில் ஏறுவார்கள். அந்த வருஷம் ஒரு செய்தி வந்தது: தசராவோடு பேக்கிங் முழுவதும் அத்திபெலேயில் ஒரு காண்ட்ராக்டரிடம் போகிறது, பதினோரு பேருக்கும் வேலை இல்லை. அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. பின்களை அளந்து 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று பிரிக்கும் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் ஒரு பெண் கல்யாணமாகிப் போகிறாள். அந்த ஒரு நாற்காலிக்குப் பேக்கிங்கிலிருந்து யார் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம் என்று சூப்பர்வைசர் நஞ்சப்பா சொல்லிவிட்டார். பச்சைக் கோட்டு, உட்கார்ந்து செய்கிற வேலை, நிரந்தரம். ஒன்பது பேர் "நமக்கு எதுக்கு அந்தக் கணக்கெல்லாம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மாவும் ஸ்டெல்லா அக்காவும் பேர் கொடுத்தார்கள்.

தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டரைப் பிடிக்க அம்மாவுக்கு முன்பே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் இன்ஸ்பெக்ஷன் பெண்களின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள். இடறியது கணக்குதான். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். ஒரு பின்னின் தடிமனை மூன்று இடத்தில் அளக்க வேண்டும், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும், வருகிற எண் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டுக்கும் உள்ளே இருந்தால் ஓகே, மயிரிழை வெளியே போனாலும் ரிஜெக்ட். கால்குலேட்டர் அவரவர் கொண்டுவரலாம். அம்மா ஏழாவதோடு நின்றவள். புள்ளி வைத்த எண்கள் அவள் வாழ்க்கையில் அதுவரை குறுக்கே வந்ததே இல்லை. "முழுசா இருக்கிறதே கையில நிக்க மாட்டேங்குது, இது துண்டு துண்டா வேற" என்று சொல்லிவிட்டு, ஆனால் உடனே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சமையலுக்கு முன் ஒரு மணி நேரம். சிமெண்ட் தரையில் அம்மா, ஸ்டெல்லா அக்கா, நான் என்று மூன்று பேரும் முக்கோணமாக, நடுவில் இயந்திரம். முதல் வாரம் அது எங்களைப் படாதபாடு படுத்தியது. கழித்தல் குறி போட்ட பொத்தான்கள் இரண்டு இருந்தன. ஒன்று கழிப்பதற்கு, இன்னொன்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிற எண்களுக்கு. மாற்றி அழுத்தினால் திரை துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடும்.

"இன்னாடி சொல்லுது?"

"ஸின்டாக்ஸ்னு சொல்லுதும்மா."

"கெட்ட வார்த்தையா?" என்றாள் ஸ்டெல்லா அக்கா, சிலுவை போட்டுக்கொண்டே.

அப்புறம் அடைப்புக்குறி. கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் நாம் அழுத்துகிற வரிசையில் வெகுளியாகக் கூட்டிக்கொண்டே போகும். இது அப்படி இல்லை, இது படித்த இயந்திரம். மூன்று எண்ணையும் வரிசையாகக் கூட்டி, கடைசியில் மூன்றால் வகு என்றால், கடைசி எண்ணை மட்டும் வகுத்துவிட்டு மற்றதோடு சேர்த்துவிடும். அப்படித்தான் ஒருநாள் பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்னுக்கு இருபத்தெட்டு புள்ளி பூஜ்யம் ஐந்து என்று பதில் வந்தது. டிப்போவிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "உன் கை பட்டதும் இம்மாம் பெருசா ஆயிடுச்சா? அங்க இன்னா, கடப்பாரையா செய்றீங்க?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முதலில் ஓர் அடைப்பு, கூட்டல், பிறகு ஓர் அடைப்பு, அதன்பிறகுதான் வகுத்தல் என்று பத்து முறை சொல்லிக்கொண்டே அழுத்தினாள். மாவு பிசைந்த கையைத் துடைத்துவிட்டு வந்து இன்னும் பத்து முறை.

அந்தப் பெரிய திரையில் ஒரு நல்ல குணம் இருந்தது. நாம் அழுத்தியதெல்லாம் அழியாமல் மேலே நிற்கும். எட்டு வரி வரை. என்ன போட்டோம், எங்கே பிசகினோம் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். "இது மறைக்கல பார், நம்ம தப்ப நமக்கே காட்டுது" என்று ஸ்டெல்லா அக்காவுக்கு அதில் ஒரே மகிழ்ச்சி. ஆனால் அம்மாவுக்கு ஒரு பயம் மட்டும் போகவில்லை. மூன்றால் வகுத்தால் சில சமயம் பதில் வால் நீட்டிக்கொண்டு வரும்: மூன்று மூன்றாகவோ ஆறு ஆறாகவோ, திரையின் ஓரம் முட்டும்வரை. அதைப் பார்த்தால் அவள் முகம் சுருங்கும். "இது எங்க போய் முடியும்?" முடியாது என்று சொன்னால் நம்ப மாட்டாள். பத்து இலக்கத்தையும் தாளில் எழுதுவாள், நடுவில் ஒன்றை விட்டுவிடுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். தாள் கிழிந்துபோகும்.

எனக்குப் பொறுக்கவில்லை. 'மோட்' என்றொரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதன் இரண்டாவது வரியில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள் வரிசையாக நிற்கும். ஒருநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். அன்றிலிருந்து எந்தப் பதிலும் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கத்தோடு, நகம் வெட்டிய விரல்போல் சுத்தமாக வந்து நின்றது. அம்மா முகம் தெளிந்தது. "பழகப் பழக அதுவும் அடங்கிடுச்சு பாரு" என்றாள். ரகசியமாக ஒரு உதவி செய்துவிட்ட பெருமை தொண்டைவரை நிறைந்திருந்தது.

முதல் பரீட்சை ஒரு சனிக்கிழமை. இயந்திரம் ஒன்றுதான் என்பதால் ஒருவர் முடித்துவிட்டு வந்து மற்றவரிடம் கொடுத்தார்கள். நஞ்சப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, ராக்கெட் பிடோக்கா?" என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார், ராக்கெட் விடவா என்று. இருபது பின். அவர் வேண்டுமென்றே எல்லையை ஒட்டியவையாகப் பொறுக்கி வைத்திருந்தார். அம்மாவுக்குப் பதினாறு சரி, நான்கு தப்பு. ஸ்டெல்லா அக்காவுக்கும் பதினாறு சரி, நான்கு தப்பு. அதே நான்கு.

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல விழுந்திருக்கீங்க. காப்பி ஹொடெதீரா?" அவர் தமிழ் அப்படித்தான் பாதியில் கன்னடத்துக்குள் நுழைந்துவிடும்.

"அவங்க வெளிய வந்தப்புறந்தான் சார் நான் உள்ள போனேன். காப்பி அடிக்க இன்னா, செவுத்த பாத்தா அடிப்பேன்?" என்று ஸ்டெல்லா அக்கா பதிலுக்குக் கேட்டுவிட்டாள்.

எங்கே தப்பு என்று அவர் சொல்லவில்லை. "அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவ. அதுதான் லாஸ்டு. இருபதும் சரியா வரணும். இல்லேன்னா வெளிய ஆள் எடுப்பேன்." சிவப்பு மையில் நான்கு வட்டம் போட்ட தாளோடு இருவரும் வந்து சேர்ந்தார்கள். வேனில் சில்க் போர்டு தாண்டும்போது ஸ்டெல்லா அக்கா, "காப்பின்னு சொன்னான் பாரு அக்கா, அதுதான் எரியுது" என்றாளாம், அவ்வளவுதான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் மூலையில் உட்கார்ந்தேன். நான்கு வட்டத்திலும் மூன்று அளவுகளைக் கூட்டினால் முப்பத்தாறு புள்ளி பூஜ்யம் ஏழு. இயந்திரம் வகுத்து, பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு என்றது. எல்லைக்குள் இருக்கிறது, ஓகே. அதையே நோட்டில் கையால் வகுத்தேன். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு வந்தது. மீதி ஒன்று நின்றது. பூஜ்யத்தை இறக்கினேன், மூன்று. மறுபடி மீதி ஒன்று. மறுபடி மூன்று. பென்சில் முனை தாளை விட்டு வரவில்லை. எல்லையைத் தாண்டி வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரிஜெக்ட். அந்த வாலை வெட்டிப் போட்டவள் நான்.

அன்றிரவு முழுக்கச் சொல்லாமல் இருந்தேன். மோட் பொத்தானை அழுத்தி யாருக்கும் தெரியாமல் பழையபடி மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றியது. ஆனால் திரையில் வால் மறுபடி வந்தால் அம்மா கேட்பாளே? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். முறம் நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"எதுக்கு வெட்ன?"

"நீ பயந்த."

அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "பயந்தா நான் பயந்துக்கினு போறேன். வால் இருந்தா இருக்கட்டும். அத வெட்ட நீ யாரு?" பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள். "எழுந்திரு. போய் ஸ்டெல்லா கிட்ட சொல்லிட்டு வா."

எனக்குப் புரியவில்லை. நாற்காலி ஒன்று. அவளுக்கு இது தெரியாவிட்டால் அதே நான்கு இடத்தில் மறுபடி விழுவாள், அம்மா ஜெயிப்பாள். பன்னிரண்டு வயதில் இந்தக் கழித்தலைப் போட இயந்திரம் தேவையில்லை. நான் நின்றபடியே இருந்தேன். "போறியா, நானே போவட்டா?" என்றாள் அம்மா. மாதா கோயிலிலிருந்து வந்து பட்டுப் புடவையை மடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா நான் சொன்னதைக் கேட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள். பிறகு அதே காதருகே முத்தம் கொடுத்தாள். "ஒங்கம்மா அனுப்புனாளா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

மோட் பொத்தானை அழுத்திப் பழையபடி மாற்றிவைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. வாலோடு வருகிற எண்ணை இப்போது அம்மா முறைத்துப் பார்ப்பாள், அது கண்ணைத் தாழ்த்தும்வரை. கூடவே ஒரு புதுப் பிடிவாதம் சேர்ந்துகொண்டது: இயந்திரம் ஒரு தடவை, கை ஒரு தடவை. "மிஷின் சொல்றத நம்புறேன். ஆனா கையும் சொல்லணும்." குழாயடியில் குடத்துக்குப் பின்னால் நிற்கும்போது கரித்துண்டால் சிமெண்டில் வகுப்பாள், குடம் நகர நகர கணக்கும் நகர்ந்துகொண்டே வரும். வரிசையில் நின்ற பெண்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போவார்கள். ஒருத்தி மட்டும், "கன்னியம்மா, பத்தாவது எழுதப் போறியா, கலெக்டர் ஆவப் போறியா?" என்று கேட்டாள். "மொதல்ல தண்ணி வரட்டும், அப்புறம் கலெக்டர் ஆவுறேன்" என்று தலை நிமிராமல் சொன்னாள் அம்மா.

சனிக்கிழமை வந்தது. ஸ்டெல்லா அக்கா முதலில் போய் முக்கால் மணி நேரத்தில் முடித்தாள். இருபதுக்கு இருபது. அடுத்து அம்மா. ஒவ்வொரு பின்னையும் இயந்திரத்தில் ஒரு முறை, தாளின் ஓரத்தில் கையால் ஒரு முறை. ஒன்றரை மணி நேரம். அவளும் இருபதுக்கு இருபது. நஞ்சப்பா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாராம். "எரடூ சரி, ரெண்டுமே சரி. ஆனா டைம் நோடம்மா. அங்க ஒரு நாளைக்கு எத்தன பின்னு வரும்! ஒரு ஸீட்டுதான் கொடுக்க முடியும்." அவர் சொன்னதில் தப்பில்லை என்று அம்மா பின்னாளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நாற்காலி ஸ்டெல்லா அக்காவுக்குப் போனது.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதாள். "அக்கா, எனக்கு வேணாம்னு சொல்லிடட்டா?"

"போடி லூசு. நீ வேணாம்னா எவளோ ஒருத்தி வெளியில இருந்து வருவா. பச்சைக் கோட்ட போட்டுக்கினு ஒழுங்கா அள. காப்பின்னு சொன்னான் இல்ல, அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து அள."

அவள் போனபிறகு அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா அந்த ஸீட்டு உன்து."

"அவளும் இதே மிஷின்லதான கத்துக்கினா? பொய் வந்தப்ப ரெண்டு பேருக்கும் வந்துச்சு. நெஜம் வந்தா மட்டும் நான் ஒருத்தியா மடியில கட்டிக்கவா?" அதற்குமேல் அப்பா வண்டியை ஓட்டவில்லை.

தசரா விடுமுறை தொடங்கி, பேக்கிங் மூடிய மறுநாள், அம்மா வேலைக்குப் போகிற அதே நேரத்துக்குக் கிளம்பினாள். என்னையும் கூட்டிக்கொண்டாள். கம்பெனி வேன் எங்களுக்கு இனி நிற்காது. இரண்டு பஸ் மாறி ஹெப்பகோடியில் இறங்கினோம். என் பள்ளிக்கூடப் பையில் இயந்திரம், ஒரு டிபன் டப்பா, தண்ணீர். வரிசையாகத் தகரக்கூரைத் தொழிற்சாலைகள், இரும்பு கேட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: "யாரு சொல்லி வந்தீங்க?" ஒவ்வொன்றிலும் அம்மாவின் ஒரே பதில்: "யாரும் சொல்லல. நானே சொல்லிக்கினு வந்தேன். அளக்கத் தெரியும், வேணும்னா பாருங்க." முதல் நாள் ஏழு கேட்டு. இரண்டாம் நாள் ஒன்பது. ஒரு வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் கையை மட்டும் ஆட்டினான், ஈ ஓட்டுவதுபோல். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். "கால் வலிக்குதா, மனசு வலிக்குதா?" என்றாள். மனசு என்றேன். "அப்ப நட."

மூன்றாம் நாள், ஒரு சின்னப் பட்டறை, நான்கே லேத். முதலாளியே வெளியே வந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு. அம்மா சொன்னதைக் கேட்டவர் மேஜையிலிருந்து ஒரு பின்னையும் மைக்ரோமீட்டரையும் எடுத்து நீட்டினார். அம்மா புடவைத் தலைப்பால் பின்னைத் துடைத்தாள், மூன்று இடத்தில் அளந்தாள். நான் இயந்திரத்தின் மூடியை இழுத்துக் கொடுத்தேன், "இதுல சினிமா பாக்கலாமா?" என்று முதலாளி கேட்டதற்குக்கூட அவள் நிமிரவில்லை. அடைப்பு, கூட்டல், அடைப்பு, வகுத்தல். பிறகு அங்கே கிடந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கையால். ஒரு லேத் நின்றுபோய், அதில் வேலை செய்தவர் எட்டிப் பார்த்தார்.

"எட்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு மூணு" என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் மூணு மூணா போய்க்கினே இருக்குது சார். எங்க நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க, அங்க நிறுத்துறேன். நானா வெட்ட மாட்டேன்."

அவர் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். நாளை காலை எட்டு மணிக்கு வா என்றார். திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அம்மாவின் நடை எனக்கு எட்டவில்லை, ஓடித்தான் கூட வந்தேன்.

அந்தப் பட்டறையில் அவள் வேலை செய்த வருஷங்களில் நான் பள்ளி முடித்தேன், கல்லூரி முடித்தேன். ஸ்டெல்லா அக்காவின் பையன் டிப்ளமா சேர்ந்தபோது இயந்திரம் அவனிடம் போனது. அவன்தான் அதில் முதன்முதலாக ஒரு வளைகோடு வரைந்தான் என்று கேள்வி. நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பிறகு அது எங்கே போனதென்று அவனுக்கும் தெரியாது. பத்து எண்களும் நான்கு குறிகளும் இன்று எல்லார் போனிலும் இருக்கின்றன. அளக்கும் கருவிகளே பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு காட்டிவிடுகின்றன. மூன்றால் வகுக்க ஆள் வேண்டாம். எங்கள் வரிசை வீடுகள் இடிந்து மாடிகளாகிவிட்டன. குழாயடி இருந்த இடத்தில் ஒரு ஏ.டி.எம். நிற்கிறது.

சமீபத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு பொம்மசந்திராவுக்கு மெட்ரோவில் போனோம், அம்மாவும் நானும். எழுபதைத் தாண்டிவிட்டாள். ஓசூர் ரோட்டுக்கு மேலே, உயரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். தகரக்கூரைகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் திறக்கிற தடுப்புகள். அந்த நாட்களை நினைக்கும்போது நான் தேடுவது தெருவையோ இயந்திரத்தையோ அல்ல. யாரும் சொல்லாமல் வந்த ஒருத்தி, தெரியும், பாருங்கள் என்று நின்று சொல்ல முடிந்த அந்தக் கேட்டுகளைத்தான். இப்போது அவை திரைக்குள் போய்விட்டன; பெயர், படிப்பு, அனுபவம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கின்றன; துடைத்து அளந்து காட்ட அங்கே கட்டம் இல்லை. இதை நான் அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் சோகமாகவே.

ரயில் ஹெப்பகோடியில் நின்றதும் அவள் எழுந்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு இன்னும் நேரம் இருக்குது. எறங்கு. உள்ள மனுஷங்க இல்லாமயா போயிடுவாங்க? கேட்டுப் பாக்கலாம்."

"என்னத்தம்மா கேக்கப் போற?"

"யாரும் சொல்லாம வந்தவங்கள உள்ள பாப்பாங்களான்னுதான்."

கதவு திறந்தது. அவள் இறங்கி, பிளாட்பாரத்தில் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.